அந்தப் படகின் பெயர் அன்னவாசல்

அம்சவல்லி அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது ஹார்டனர் கலந்த ரெசின் வாளி என் கையில் இருந்தது. காலை பதினொரு மணி. மீமிசல் கொட்டகையில் படகு அச்சுக்குள் இறங்கி, கண்ணாடி நாரின் இரண்டாவது அடுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் பேசினேன். மறுமுனையில் அவருடைய மகள் செண்பகம்.

“மாமா, அம்மா போயிட்டாங்க மாமா. காலையில எழுப்பப் போனேன், எந்திரிக்கவே இல்ல.”

“வாரேம்மா” என்று மட்டும் சொன்னேன்.

ஃபைபர் படகு கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஹார்டனர் கலந்துவிட்டால் இருபது நிமிடம்தான், ரெசின் இறுகிவிடும். அதற்குள் பூசி, உருளை ஓட்டி, காற்றுக் குமிழை எல்லாம் வெளியேற்றிவிட வேண்டும். பாதியில் விட்டால் அந்த அடுக்கு பின்னால் உரிந்து வரும். நான் வாளியில் இருந்ததைப் பூசி முடித்துவிட்டுத்தான் அக்காவின் ஊரான அன்னவாசலுக்குப் பஸ் ஏறினேன். செய்தி கேட்டும் மனுசன் வேலையை நிறுத்தவில்லையே என்று ஊரில் இரண்டு பேர் பேசினார்களாம். பேசட்டும். அந்த இரண்டு பேருக்கும் ரெசினையும் தெரியாது, அக்காவையும் தெரியாது. “கலந்தாச்சுன்னா கைய நிறுத்தாதீங்க செல்வராசு, கடல்ல போறவன் உசிரு அதுல இருக்கு” என்று என்னிடம் எத்தனையோ முறை சொன்னவர் அவர். அறந்தாங்கி தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு புதுக்கோட்டை வரைக்கும் நிற்கவில்லை.

காரியங்கள் முடிந்து மூன்றாம் நாள் மீமிசலுக்குத் திரும்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே ஒரு பிளெக்ஸ். “முத்தழகு மாடல் பாய்ப்படகுகளின் வெற்றிக்குத் துணை நின்ற சகோதரி அம்சவல்லிக்குக் கண்ணீர் அஞ்சலி.” அக்காவின் படம் ஒரு மூலையில், ரேஷன் கார்டில் இருக்கிற அளவு. நடுவில், ஆள் உயரத்துக்கு, படகுப் பட்டறைக்காரர் முத்தழகு கைகூப்பி நிற்கிறார். செத்தது யார் என்று வெளியூர்க்காரனுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

துணை நின்றாராம். அந்தச் சொல்லைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவர் தன் மூளையாலும் கையாலும் உண்டாக்கிய பொருளுக்கே அவரைத் துணையாள் ஆக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதையும் அவர் சாம்பல் ஆறுவதற்குள் செய்ய வேண்டுமா?

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று நம் படகுக்காரர் சங்கச் செயலாளர் கேட்டார். “யாரு மனசும் நோகாமப் பாத்து எழுதுங்க, செல்வராசு” என்று ஒரு கோரிக்கையும் வைத்தார். மன்னிக்க வேண்டும். நோகத்தான் எழுதப்போகிறேன். இரண்டு பக்கத்திலும் அடங்காது. முதலில் நோகவேண்டியவன் யார் என்பதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அக்காவை உங்களில் பலர் “ஃபைபர் கம்பெனி அம்மா” என்றுதான் அறிவீர்கள். அன்னவாசலில் தானியம் விற்கும் தவசக்கடை வைத்திருந்தவரின் மகள். பாலிடெக்னிக்கில் வரைபடம் படித்தார். கணவருக்கு அங்கேயே உரக்கடை. கண்ணுக்கெட்டிய தூரம் கடல் கிடையாது, கண்மாயும் பாதி வருசம் காய்ந்து கிடக்கும் ஊர். அங்கிருந்து வந்து நமக்குப் படகு வரைந்தார் என்பதை நம் கடற்கரை கடைசிவரை மன்னிக்கவில்லை. “அன்னவாசல்ல முங்கிக் குளிக்கவே தண்ணி கெடையாது, அங்கிட்டிருந்து வந்து எங்களுக்குப் படகு சொல்லித் தாராங்களாக்கும்” என்று மீன் ஏலக்கூடத்தில் சிரிக்காத ஆள் உண்டா? நானும் சிரித்தவன்தான். அவருக்கு நீச்சலும் தெரியாது. அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் கொஞ்சம் சிரித்தோம்.

திருமணத்துக்கு முன் நாலு வருடம் கேரளத்துப் பக்கம் ஒரு படகுத் துறையில் வரைபடம் பிரதி எடுக்கும் வேலை பார்த்தார். அந்தத் துறையின் கடைசியில், புல் மண்டிய இடத்தில், ஒரு வெளிநாட்டுப் பாய்ப்படகு கேட்பாரற்றுக் கிடந்ததாம். கண்ணாடி நாரில் படகு கட்டத் தொடங்கிய காலத்துப் படகு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதில் உலகம் சுற்ற வந்து, நோய்ப்பட்டு, விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்காவின் முகமே மாறிவிடும். “அந்தக் காலத்துல கண்ணாடி நார் எவ்வளவு தாங்கும்னு கட்டினவனுக்கே தெரியாது செல்வராசு. பயந்துக்கிட்டு மரத்துக்குக் குடுக்குற கனத்தக் குடுத்துட்டான். அந்தப் பயந்தான் அத இன்னும் ஒடையாம வச்சிருக்கு” என்பார். இரண்டு முனையும் தண்ணீருக்கு மேல் நீண்டு போவது, இடுப்பு ஒடுங்கி இருப்பது, அடியில் ஈயத்தை வைத்து வார்த்த ஏரா என்கிற அடிக்கட்டை, படுத்துத் தூங்க உள்ளே ஒரு அறை, எல்லாவற்றையும் காற்றில் கையால் வரைந்து காட்டுவார்.

ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து அந்தப் படகை அளந்திருக்கிறார். தூக்குக்குண்டு, நூல், ஒரு மூங்கில் பிளாச்சு, இவ்வளவுதான் கருவி. ஒரு முழத்துக்கு ஒரு முறை குறுக்கே அளந்து, பள்ளிக்கூட நோட்டில் குறித்துக்கொண்டார். மேலதிகாரி பார்த்துவிட்டு, “ஒனக்கு எதுக்கும்மா இது? கல்யாணம் ஆனா கோலத்துலயா படகு போடப்போற?” என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போது அக்கா சிரித்ததே இல்லை. நான் மட்டும் ஒருமுறை சிரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் சார்ஜா பக்கம் படகுத் துறையில் கண்ணாடி நார் விரித்துவிட்டு ஊர் திரும்பியவன். மேல் பூச்சு முகம் பார்க்கிற மாதிரி வரும், என் கைக்கு அப்படி ஒரு பெயர். மீமிசலில் ஒரு அம்மா படகுக் கொட்டகை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலை கேட்டுப் போனேன். தரையில் வெள்ளைத் தாளை விரித்து, மூங்கில் பிளாச்சை வளைத்து, அது நகராமல் இருக்க அப்பா கடையின் பழைய எடைக்கற்களை வரிசையாக வைத்துவிட்டு, முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை. ஒரு எடைக்கல்லை நூல் அளவு நகர்த்தினார். கண்ணை ஒருக்களித்துப் பார்த்தார். மறுபடியும் நகர்த்தினார். அரை மணி நேரம் கழித்துத்தான் “வாங்க, உக்காருங்க” என்றார். தாளின் மூலையில் “அன்னவாசல்” என்று எழுதியிருந்தது. ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அது படகின் பெயர்.

இருபத்து நான்கு அடி. நண்டு வலைக்குப் போகலாம், இரண்டு நாள் கடலில் தங்கலாம், திருவிழாப் போட்டியிலும் ஓட்டலாம். டீசலே இல்லாமல் பாயிலேயே போய் வரலாம். நம் கடலில் ஆழம் கிடையாது, அந்த வெளிநாட்டுப் படகின் நீண்ட ஏரா இங்கே சேற்றில் குத்திக்கொள்ளும். அதனால் ஏராவைக் குறைத்து, வேண்டும்போது இறக்கி வேண்டாதபோது தூக்கிக்கொள்ள நடுவில் ஒரு பலகை வைத்தார். குறைத்த கனத்தை இரும்புத் துண்டுகளாகத் தளத்துக்குக் கீழே ரெசினில் புதைத்தார். முன்முனையில், அணியத்தில், இரண்டு பேர் முடங்கிப் படுக்க மூடிய இடம். “கடல்ல வீடு கட்டுறீங்களா?” என்று கேலி செய்தவர்கள், முதல் ஐப்பசி மழையில் அதற்குள் ஒடுங்கியபோது கேலியை மறந்துபோனார்கள்.

வாங்க வருகிறவர்களோடு அவர் போட்ட சண்டை கொஞ்சமா? நம் ஆட்கள் படகு வாங்க வந்தால் முதலில் என்ன செய்வார்கள்? விரலை மடக்கிப் படகின் வெளியோட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால்தான் நல்ல படகு. “இன்னும் ரெண்டு அடுக்கு மேட் கூடப் போடுங்கம்மா” என்பார்கள். “போட்டா கனமாத்தான் இருக்கும், பலமா இருக்காது. கனம் எங்க இருக்கணும்னு ஒரு எடம் இருக்கு. அது கீழ. நீங்க கேக்குறது மேல” என்பார் அக்கா. கேட்காதவர்களுக்குப் படகு விற்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுவார். கொட்டகையில் ஒரு படகுகூட விற்காத மாதத்திலும் அப்படித்தான் அனுப்பினார். பிழைக்கத் தெரியாதவர் என்று வீட்டில் வந்து திட்டினேன்.

முதல் படகைக் கடலில் சோதித்த நாளை எப்படி மறப்பேன்? உயிர்காக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பாய்மரத்தின் அடியில் உட்கார்ந்து, தூக்குக்குண்டு தொங்கவிட்ட ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டார். படகு எத்தனை பாகை சாய்கிறது என்று குண்டு காட்டும். கரையை விட்டு அரை மைல் போவதற்குள் வாந்தி. சோளகக் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. நான் திரும்பிவிடலாம் என்றேன். “என் வயித்தப் பாக்காதீங்க, குண்டப் பாத்துச் சொல்லுங்க. எத்தன?” என்றார். சொன்னேன். குறித்துக்கொண்டார். மறுபடியும் வாந்தி எடுத்தார். இப்படியே மதியம்வரை. கரையேறியதும் மணலில் படுத்துக்கொண்டு, “சாஞ்சாலும் எந்திரிக்குது, பாத்தீங்களா? எந்திரிக்குது” என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வாந்தி எடுத்ததால் வந்த தண்ணீர் இல்லை அது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

மூன்றாவது படகு முடிந்த சமயம். ஒட்டியிருந்த ரெசினைச் சுரண்டி அச்சைக் கழுவும்போது என் கையிலிருந்து உளி நழுவி உள்ளே விழுந்தது. இடப்பக்கம், பின்முனையான பின்னணியத்திலிருந்து ஒரு கை நீளத்தில், அச்சில் ஒரு குழி. அச்சில் குழி விழுந்தால், அதில் வார்க்கிற ஒவ்வொரு படகிலும் அந்த இடத்தில் ஒரு புடைப்பு வரும். புளியங்கொட்டை அளவுதான். அக்கா தடவிப் பார்த்தார். “அச்ச ஒட்டுப் போட வேணாம். ஒட்டு பேந்துச்சுன்னா பெரிய குழியாயிரும். ஒவ்வொரு படகும் வெளிய வந்ததும் நீங்க உப்புத்தாள் போட்டுத் தேச்சிருங்க. ஒங்க கைக்கு அது ஒரு வேலையா?” என்றார். அன்று முதல் ஒவ்வொரு படகையும் டயர்மேல் கவிழ்த்துப் போட்டதும் முதல் வேலையாக அந்தப் புளியங்கொட்டையைத் தேய்த்துவிடுவேன்.

ஏழாவது படகில் தேய்க்கவில்லை. அன்று மத்தியானமே கிளம்பித் திருச்சியில் ஒரு விசா ஏஜெண்டைப் பார்க்கப் போய்விட்டேன். மறுபடியும் வெளிநாடு போகலாம் என்று மனதில் ஒரு எண்ணம். அக்காவிடம் சொல்லவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போனேன். மறுநாள் வந்து பார்த்தால் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும், யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஏழாவது படகைத்தான் முத்தழகு தன் பட்டறைக்குக் கொண்டுபோனார். பக்கத்து ஊரில் அவருக்குப் பெரிய பட்டறை. வாங்கியவரிடம், பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று சொல்லிக் கேட்டு வாங்கி, அதன் மேல் மெழுகு பூசி, அப்படியே அச்சு எடுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் அதே படகு, வேறு வண்ணத்தில், பாதி நேரத்தில் கட்டி முடித்து, “முத்தழகு மாடல்” என்று கடற்கரையில் வந்து நின்றது. ஒரு பெண் முட்டி தேயத் தேய மூன்று வருடம் வரைந்த கோட்டை இரண்டு வாளி ரெசினில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். இதற்குத் திருட்டு என்று பெயர். வேறு பெயர் இருந்தால் நினைவு மலரைப் படிக்கிறவர்கள் எனக்கு எழுதிப் போடலாம்.

அக்கா சங்கத்தில் முறையிட்டார். ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். முத்தழகு எழுந்து, “படகுன்னா படகு மாதிரித்தான இருக்கும்? நானே கோடு போட்டேன், நானே கட்டினேன். இந்தம்மா மாதிரி இருக்குன்னா அதுக்கு நான் என்ன பண்ணுறது?” என்றார். சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் அக்காவைப் பார்த்து, “ஆதாரம் ஏதும் இருக்காம்மா?” என்று கேட்டார்.

வரைபடங்களை விரித்தார். யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. அப்போது அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

ஆதாரம் என் கையில் இருந்தது. வாங்க, வெளியே போய் முத்தழகு படகின் இடப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், எங்கள் அச்சின் குழி அங்கே புடைப்பாக இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொன்னால், முகம் பார்க்கிற பூச்சுக்காரன் செல்வராசு தேய்க்காமல் ஒரு படகை வெளியே விட்டான் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டால் திருச்சியும் வெளியே வரும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூடத்துச் சிமெண்டுத் தரையில் கிடந்த மீன் செதிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதாரம் இல்லை என்று எழுதி முடித்தார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் திருவிழாப் போட்டியில் முத்தழகு மாடல்தான் முதலில் வந்தது. காற்று இளசாக இருந்த வருடங்கள் அவை. அவர் படகில் எடை இல்லை. அச்சு எடுத்தால் வெளித்தோல்தான் வரும். தளத்துக்குக் கீழே இரும்பு புதைத்திருப்பது அச்சில் எங்கே தெரியும்? கனம் இல்லாத படகு இளங்காற்றில் பறந்தது. மாலை போட்டார்கள், வேட்டு வெடித்தார்கள். அக்கா கரையில் குடை பிடித்துக்கொண்டு நின்று, “பாய எறக்கச் சொல்லுங்க, காத்து ஏறுனா கவுந்துரும்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். பொறாமை என்றார்கள்.

மூன்றாவது வருடம் காற்று ஏறியது. போட்டி நடுவில் இரண்டு முத்தழகு படகுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. பின்னால் வந்த படகுகள் ஆட்களைத் தூக்கிவிட்டதால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மறுநாளே அதே ஏலக்கூடத்தில் கூட்டம். முத்தழகு எழுந்தார். என்ன சொன்னார் தெரியுமா?

“என்னையக் கேட்டா? அது அந்தம்மா போட்ட கோடு. நான் அச்சு எடுத்தேன், அவ்வளவுதான். அன்னவாசல்ல ஒக்காந்து படகு வரைஞ்சா இப்படித்தான் கவுந்துரும்.”

ஜெயித்தால் முத்தழகு மாடல், கவிழ்ந்தால் அம்சவல்லி கோடு. கூடம் முழுவதும் அதற்குத் தலையாட்டியது. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அக்காவோ எழுந்து நின்று, செயலாளரைப் பார்த்து அமைதியாகச் சொன்னார். “எழுதிக்கங்க. அச்சு எடுத்தேன்னு இப்பச் சொன்னாருல்ல, அத எழுதிக்கங்க. ரெண்டு வருசமா இதத்தான கேட்டேன்.” செயலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் செயலாளர் இப்போது இல்லை, அதனால் இன்றையவர் பதறவேண்டாம்.

“கோடு என்னதுதான். கோட்டுக்குள்ள நான் வச்ச எடைய இவரு வைக்கல. நாளைக்குக் காலையில எல்லாரும் படகக் கரைக்குக் கொண்டாங்க. எங்கிட்டு எவ்வளவு வைக்கணும்னு நான் வந்து சொல்றேன். யாரும் தண்ணில போயிறக் கூடாது” என்றார் அக்கா.

வந்தார்கள். நன்றாக நினைவிருக்கிறது, ஒருவர் விடாமல் வந்தார்கள். தன்னிடமிருந்து திருடிச் செய்த படகுகள் ஒவ்வொன்றிலும் அந்த அம்மாள் ஏறி, தளத்தைத் திறக்கச் சொல்லி, எந்த இடத்தில் எவ்வளவு இரும்பு என்று சாக்குக்கட்டியால் குறித்துக் கொடுத்தார். மூன்று நாள் வெயிலில் நின்றார். மோர் கொடுத்தவர்கள் உண்டு. “இது ஒங்க படகும்மா” என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. அடுத்த மாதமே முத்தழகு பட்டறை வாசலில் புதுப் பலகை: “முத்தழகு மாடல், எடை வைத்தது.” கூட்டத்தில் சொன்னதைக் கேட்டால், கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று சிரித்தார்.

அந்த மூன்று நாளும் நான் அக்காவோடு இருந்தேன். ஒவ்வொரு படகிலிருந்தும் இறங்கும்போது அவர் குனிந்து, இடப்பக்கப் பின்புறத்தை ஒருமுறை கையால் தடவுவதைப் பார்த்தேன். மூன்றாம் நாள், கடைசிப் படகருகே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“ஏழாவது படகு. தேய்க்க மறந்துட்டீங்க.”

“தெரியுமாக்கா ஒங்களுக்கு?”

“நான் தடவிப் பாக்காம எந்தப் படகு வெளிய போச்சு? அன்னிக்கு ஒங்களுக்கு வயித்துவலின்னு விட்டுட்டேன்.”

“அப்பறம் ஏங்க்கா அன்னிக்குக் கூட்டத்துல சொல்லல?”

சாக்குக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார். “நான் சொன்னா ஒங்களக் காட்டிக் குடுக்குறதாயிரும். ஒங்களுக்கு எவன் அப்பறம் வேல குடுப்பான்? நீங்க சொன்னாத்தான் அது சாட்சி. சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். சனிக்கிழமை, வாரம் ஒருமுறை வீட்டுக்கு, அன்னவாசலுக்குப் போகிற நாள்.

அன்றாவது நான் ஓடிப்போய்ச் சங்கத்தில் சொன்னேனா? இல்லை. விசாவும் கிடைக்கவில்லை, வெளிநாடும் போகவில்லை, அவரிடமே வேலை பார்த்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் சொல்லலாம், அடுத்த திருவிழாவுக்குள் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். அக்கா ஒருநாளும் அதைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முத்தழகைத் திருடர் என்று எழுதிவிட்டேன். அவர் திருடும்போது வாயை மூடிக்கொண்டு நின்றவனுக்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த பிளெக்ஸைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல் வந்ததுதான். என் மூடிய வாயை வைத்துத்தான் அந்த வாசகத்தை அச்சடித்திருக்கிறார்கள்.

பிளெக்ஸைப் பார்த்த மறுநாள் காலை மீமிசல் கரைக்குப் போனேன். ஏலம் முடிந்து படகுகளை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து தடவினேன். முத்தழகு மாடல் எல்லாவற்றிலும் அந்தப் புடைப்பு இருக்கிறது. நீலம் அடித்ததிலும் இருக்கிறது, பச்சை அடித்ததிலும் இருக்கிறது. எத்தனை கோட்டுப் பெயிண்ட் அடித்தாலும் கைக்குத் தட்டுப்படுகிறது.

ஆகவே இதைப் படிக்கிற படகுக்காரர்களே, அவரை அறிந்தவர்களே, அவர் குறித்துக் கொடுத்த எடையோடு இன்றும் கடலுக்குப் போகிறவர்களே, நான் அன்று ஏலக்கூடத்தில் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். உங்கள் படகின் இடப்பக்கம், பின்னணியத்திலிருந்து ஒரு கை நீளத்தில் குனிந்து தடவிப் பாருங்கள். புளியங்கொட்டை அளவில் ஒரு புடைப்பு இருக்கும். அது என் கை உளி செய்த தவறு. எங்கள் கொட்டகை அச்சைத் தவிர வேறு எந்த அச்சிலும் அந்தக் குழி பிறவியாக இருக்க முடியாது. உங்கள் படகை வரைந்தவர் அன்னவாசல் அம்சவல்லி. முத்தழகு இதைப் படித்துவிட்டு எல்லாப் படகையும் தேய்க்க ஆள் அனுப்புவார். தேய்க்கட்டும். தேய்த்த இடமும் சாட்சி சொல்லும்.

கொட்டகையை என்ன செய்யலாம் என்று செண்பகம் கேட்டாள். வரைபடங்களும், தூக்குக்குண்டும், அந்த எடைக்கற்களும் அவள் வீட்டில் இருக்கட்டும் என்றேன். அச்சை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அக்காவுடையதாக என்னிடம் இருப்பது அதுதான், குழியோடு.

செய்தி வந்த அன்று நான் பூசிக்கொண்டிருந்த அந்தப் படகைப் போன வாரம் அச்சிலிருந்து கழற்றினோம். டயர்மேல் கவிழ்த்துப் போட்டதும் பழக்கத்தில் கை உப்புத்தாளை எடுத்துவிட்டது. குனிந்து அந்த இடத்தைத் தடவினேன். உப்புத்தாளைக் கீழே போட்டேன். அணியத்தில் “அன்னவாசல்” என்று எழுதி, நேற்றுக் காலையில் தண்ணீரில் இறக்கினோம். புளியங்கொட்டையைத் தேய்க்கவில்லை.